இரண்டு விநாடி மரியாதை

காலையில் பால் பொங்கும் நேரமும் அந்தச் செய்தி வரும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். அடுப்பு மேடையில் கிடக்கும் கைபேசி ஒருமுறை உறுமும். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பாள். அனுப்பியவர் என்ற இடத்தில் கணவரின் பெயர் இருக்கும். கீழே ஒரே ஒரு வரி: ‘எல்லாரும் எழுந்துட்டாங்க.’

அவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. செய்தி ஒருநாளும் தவறவில்லை.

பேய் பிசாசு சமாசாரம் எதுவும் இல்லை. பின்னறையில் ஜன்னலுக்குக் கீழே அவருடைய பழைய கணினி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. விடிவதற்கு முன்னால் அது தானாகவே சில சோதனைகளைச் செய்து பார்த்து, முடிவை அலுவலகத்தில் உள்ள எல்லோருக்கும் அனுப்பும். அப்படி அனுப்பச் சொல்லி அவர் எழுதி வைத்திருந்தார். நிறுத்தச் சொல்லி யாரும் எழுதவில்லை. அலுவலகத்திலும் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. காலையில் அவரவர் கைபேசியைப் பார்த்துவிட்டு, சரி, எல்லாம் ஓடுகிறது என்று குளிக்கப் போய்விடுவார்கள்.

அலுவலகம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மருந்துக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இரண்டு அறைகள், அவ்வளவுதான். அங்கே லிஃப்டுகளுக்கான அடிப்படை மென்பொருள் எழுதினார்கள். லிஃப்டின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, பொத்தானை யார் அழுத்தினார்கள், எங்கே நிற்க வேண்டும், கதவு மூடியிருக்கிறதா என்றெல்லாம் கவனித்துக்கொள்ளும் சிறிய இயங்குதளம் அது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. வாடிக்கையாளர்கள் மூச்சு வாங்க ஏறி வந்து நாற்காலியில் விழுவார்கள். ‘இவங்ககிட்டயா லிஃப்டுக்கு மூளை வாங்கப் போறோம்’ என்று அவர்கள் முகத்திலேயே எழுதியிருக்கும்.

அவளும் அங்கேதான் வேலை பார்த்தாள். கடிகாரப் பகுதி அவள் எழுதியது. திரையில் எண்ணும் அம்பும் காட்டும் பகுதி மீசை எழுதியது. மீசை என்பவனுக்கு நாற்பது வயது, மீசை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்தது, மறுவாரம் எடுத்துவிட்டான், பெயர் மட்டும் நின்றுவிட்டது. எல்லோருக்கும் மேலே கேப்டன். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. கப்பலைப் படத்தில்கூடச் சரியாகப் பார்க்காதவர். ஆனால் யாராவது தாமதமாக வந்தால் கரையில் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன் என்பார், அதனால் கேப்டன்.

ஞாபகப் பகுதி கணவருடையது. லிஃப்டுக்கு வேறு எது தெரிகிறதோ இல்லையோ, தான் எந்த மாடியில் நிற்கிறோம் என்பது தெரிய வேண்டும். கரண்ட் போய்த் திரும்பி வந்ததும், மூன்றாவது மாடியில் நிற்கும் லிஃப்ட் திருதிருவென்று விழிக்கக் கூடாது. அதற்காக ஒவ்வொரு மாடியைத் தாண்டும்போதும் ஒரு நகக்கண் அளவு நினைவு அட்டையில் அந்த எண்ணைக் குறித்து வைப்பதுதான் ஞாபகப் பகுதியின் வேலை.

அது சரியாகக் குறிக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் நிஜமான பெட்டியை வைத்துக்கொண்டு பிளக்கைப் பிடுங்கிக்கொண்டிருக்க முடியாது. அதனால் ஒரு கணினிக்குள்ளேயே இல்லாத இன்னொரு கணினியை இருப்பதாகப் பாவித்து ஓடவிடுவார்கள். மெய்நிகர் கணினி, வாய்ப்பேச்சில் வி.எம். அதற்கு இவ்வளவு நினைவகம், கணக்குப் போட இத்தனை செயலி, இப்படி ஒரு அட்டை என்று சொல்லிவிட்டால், அப்படியே ஒரு பெட்டி இருப்பதுபோல நடந்துகொள்ளும். அதை எழுப்பி, லிஃப்டை ஒரு மாடிக்கு அனுப்பி, கரண்டைப் பிடுங்கி, மறுபடி எழுப்பி, ‘எந்த மாடி?’ என்று கேட்டுப் பதிலைச் சரிபார்க்கும் வேலைகளை வரிசையாகச் செய்யும் ஸ்கிரிப்டைக் கணவர் எழுதியிருந்தார்.

அப்படி நான்கு வி.எம்.கள். நான்குக்கும் அவர் சொந்தக்காரர்களின் பெயரை வைத்திருந்தார். மிகக் குறைந்த நினைவகம், எழுந்து உட்காரவே யுகம் ஆகும், அது பெரியப்பா. சின்ன எச்சரிக்கை வந்தாலும் சோதனையை அங்கேயே நிறுத்திவிடுவது மாமியார். நடப்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் திரையில் கொட்டுவது தங்கச்சி. அட்டை எப்போதும் கழுத்துவரை நிரம்பி, புதிதாக ஒன்றும் உள்ளே போகாதது மச்சான், அதாவது அவளுடைய தம்பி. ஒருமுறை சோதனை தோற்று, ‘பெரியப்பா எழுந்திருக்கல’ என்று செய்தி வந்தபோது மீசையின் மனைவி அதைப் படித்துவிட்டு ஓவென்று அழுதுவிட்டாளாம். மாலை வாங்கிக்கொண்டு கிளம்ப இருந்தவர்களை மீசைதான் வாசலில் பிடித்து நிறுத்தினான்.

“எல்லாரையும் வெச்சிருக்கீங்க, என்னை மட்டும் காணோம்?” என்று அவள் கேட்டிருக்கிறாள்.

“உன்னைச் சோதிக்கிற அளவுக்கு எனக்குத் தைரியம் இல்ல,” என்றார்.

ஒரு திங்கட்கிழமை கேப்டன் அவளைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்.

“ஏம்மா, அந்த டெஸ்ட் ஸ்கிரிப்ட் உங்க வீட்டு ஜன்னலை விட்டு எறங்கி வருமா?”

“வரும் கேப்டன். கொஞ்சம் அடம் பிடிக்கும்.”

“புதுசா ஒரு லிஃப்ட் கம்பெனி நம்ம சரக்கைக் கேக்குது. அவங்க பெட்டி புதுசு, நாலு செயலி. டெஸ்டை அவங்க இடத்துல, அவங்க மிஷின்ல, அவங்களே ஓட்டிப் பாக்கணுமாம். வெள்ளிக்கிழமை வர்றாங்க.” கேப்டன் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினார். “இன்னொண்ணு. மனசுல வெச்சுக்காத. ஞாபகப் பகுதி அந்தப் பெட்டியில சரியா ஓடலேன்னா, வெளியிலேருந்து ரெடிமேடா ஒண்ணு வாங்கிப் போட்டுடலாம்னு இருக்கேன். எழுதின ஆள் இல்ல. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரைப் போய்க் கேக்கறது?”

“என்னைக் கேளுங்க.”

“கேக்கறேன். மொதல்ல ஓட்டிக் காட்டு.”

அவள் தன் மேசைக்குத் திரும்பி வந்தாள். அவருடைய சட்டைகளை நாத்தனார் எப்போதோ மடித்து வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். கண்ணாடி, கைக்கடிகாரம், செருப்பு எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. அதற்கெல்லாம் அவள் மறுப்பே சொன்னதில்லை. சட்டை சட்டைதான். ஆனால் இந்த ஊரிலும் அடுத்த ஊர்களிலும் எத்தனையோ கட்டடங்களில் அவர் எழுதிய வரிகள் இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அதைக் கழற்றி வைத்துவிட்டு ரெடிமேடாக ஒன்றை மாட்டுவது என்பதை அவளால் ஏற்க முடியவில்லை.

ஸ்கிரிப்டை அலுவலகக் கணினியில் ஏற்றி முதலில் ஓட்டிப் பார்த்தவன் மீசை.

“அக்கா, பெரியப்பாவைக் காணோம்ங்குது.”

“எங்க தேடுது?”

“உங்க வீட்ல.”

உண்மைதான். அட்டையின் கோப்பு எங்கே இருக்கிறது என்ற இடத்தில் பின்னறைக் கணினியின் முகவரி அப்படியே எழுதியிருந்தது. அந்த இடத்தை மாற்றினால் அடுத்த வரியில் முட்டியது. அதை மாற்றினால் அதற்கடுத்தது. எல்லாமே அவருடைய வீட்டுக்கு, அவருடைய மேசைக்கு, அவருடைய கணினிக்கு அளவெடுத்துத் தைத்தது. அலுவலகத்துக்குப் போட்டுப் பார்த்தால் கையும் நுழையவில்லை, கழுத்தும் நுழையவில்லை.

“அண்ணே ஒரு இடத்துலயாவது ஏன் எதுக்குன்னு எழுதி வெச்சிருக்காரா பாருங்க,” என்று மீசை அலுத்துக்கொண்டான்.

“எழுதுவாரா? கேட்டா சொல்லுவாரு. கேக்கறதுக்குத்தான் நான் இருக்கேன்ல, அதனால எழுதல.”

அதில் ஒரு சௌகரியம் இருந்தது. ஒவ்வொரு எண்ணும் ஏன் அங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். இணைப்பு எண் பழைய வீட்டுத் தொலைபேசியின் கடைசி நான்கு இலக்கம். பெரியப்பா எழுந்திருக்க ஸ்கிரிப்ட் அவ்வளவு நேரம் காத்திருப்பது, பின்னறைக் கணினிக்கே மூட்டுவலி என்பதால். அவள் அவற்றை ஒவ்வொன்றாக ஸ்கிரிப்டிலிருந்து பெயர்த்தெடுத்து, தனியாக ஒரு செட்டிங்ஸ் கோப்பில் வைத்தாள். அட்டை இருக்குமிடம், நினைவகம், செயலி எத்தனை, காத்திருக்கும் நேரம், செய்தி யார் பெயரில் போக வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், அதற்கு எதிரே ஒரு மதிப்பு. யார் வேண்டுமானாலும் தங்கள் இடத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். மாற்றாமல் விட்டால் கணவர் போட்ட மதிப்பே செல்லும்.

இந்தக் கடைசி ஏற்பாடு அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் அவர் சொன்னதே நடக்கும். வீட்டிலும் சட்டம் அதுதான். யாரும் எதுவும் சொல்லாமல் இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

வேலை அவளுக்கு இனித்தது. ஒரு எண்ணைத் தொட்டால் ஒரு சாயங்காலம் நினைவுக்கு வந்தது. எட்டு மாதமாக அவரைப் பற்றி நினைத்தபோதெல்லாம் அவர் இறந்துபோன அந்தக் காலைதான் முன்னால் வந்து நிற்கும். சாப்பிட்டுவிட்டுக் கைகழுவப் போனவர், அவ்வளவுதான். இந்த இரண்டு நாட்களில் அந்தக் காலை கொஞ்சம் பின்னால் தள்ளி நின்றது. மற்ற நாட்கள் முன்னால் வந்தன.

புதன்கிழமை மதியத்துக்குள் நான்கு பேரும் அலுவலகக் கணினியில் எழுந்தார்கள். புதுப் பெட்டியைப் போலவே நான்கு செயலி கொடுத்து ஓட்டினார்கள். அதிலும் எழுந்தார்கள். கேப்டன் எட்டிப் பார்த்து, “பரவாயில்லையே, மாமியாரே வாயைத் திறக்கல,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மீசைக்குக் கை சும்மா இருக்காது. புதிதாக ஒரு செட்டிங்ஸ் கோப்பு கிடைத்தால் அவன் விடுவானா. ஒவ்வொரு மதிப்பாக மாற்றி மாற்றி விளையாடிக்கொண்டிருந்தான்.

“அக்கா, இது என்ன? ‘கரண்ட் பிடுங்குமுன்’ன்னு போட்டு, ரெண்டுன்னு இருக்கு?”

“லிஃப்ட் மாடியைத் தொட்டதும் ரெண்டு விநாடி விட்டுத்தான் கரண்டைப் பிடுங்கும்.”

“எதுக்கு ரெண்டு?”

அவள் அந்த வரியை இன்னொரு முறை படித்தாள். எல்லா எண்ணுக்கும் காரணம் தெரிந்தவளுக்கு அந்த ஒன்றுக்குத் தெரியவில்லை.

“பூஜ்யம் வெச்சுப் பாக்கறேன்,” என்று மீசை தட்டினான்.

பெரியப்பா எழுந்தார். எந்த மாடி என்று ஸ்கிரிப்ட் கேட்டது. தெரியாது என்றார். மாமியாரும் தெரியாது என்றார். தங்கச்சி பக்கம் பக்கமாகப் பேசி, கடைசியில் அவளும் தெரியாது என்றாள். மச்சானைக் கேட்கவே வேண்டாம்.

மீசை நாற்காலியை மெதுவாகத் திருப்பினான். கேப்டனின் அறைக்கதவு சாத்தியிருப்பதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“அக்கா. ரெண்டுன்னே இருக்கட்டும். அதை செட்டிங்ஸ்லேருந்து எடுத்து ஸ்கிரிப்டுக்குள்ளயே வெச்சிடலாம். யாரும் நோண்ட மாட்டாங்க.”

“நீ நோண்டினியே?”

“நான் ஒரு கேடுகெட்டவன். எல்லாரும் என்னை மாதிரி இருப்பாங்களா?”

அவள் சிரித்தாள், ஆனால் சிரிப்பு உள்ளே இறங்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று படியிறங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே பின்னறைக்குப் போனாள். பழைய கணினியின் மீது அவளுக்கு ஒரு கடைசி நம்பிக்கை. அலுவலகக் கணினி வேகமானது, அதனால் ஏதோ தவறியிருக்கலாம், இங்கே சரியாக வரும். பூஜ்யம் வைத்து ஓட்டினாள். கணினி முனகிக்கொண்டே வேலை செய்தது. வெளியே தெருவில் சைக்கிள் மணி கேட்டது. பெரியப்பா எழுந்து, தெரியாது என்றார்.

ஆக, தவறு முதலிலிருந்தே இருந்திருக்கிறது. கரண்ட் போவதற்கு முன் இரண்டு விநாடி கிடைத்தால் லிஃப்டுக்கு ஞாபகம் இருக்கும். கிடைக்காவிட்டால் இல்லை. உலகத்தில் எந்தக் கரண்ட் சொல்லிவிட்டுப் போகிறது?

முகம் கழுவக் குளியலறைக்குள் போனாள். தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டிருந்தபோது வெளியே நாத்தனாரின் குரல் கேட்டது.

“அண்ணி, உள்ள யாராவது இருக்கீங்களா? லைட்டை அணைக்கட்டுமா?”

நாத்தனார் அழகு நிலையத்தில் முடி வெட்டுகிறவள். அண்ணன் போனபோது ஒரு வாரம் துணைக்கு என்று வந்தாள். பெட்டியை இன்னும் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுக்கவில்லை. அவள் கேட்டது புதிதல்ல. தினமும் கேட்பதுதான். குளியலறையில், கூடத்தில், சமையலறையில், ஆள் இல்லாத அறையில்கூட, சுவிட்சில் கைவைப்பதற்கு முன் ஒருமுறை குரல் கொடுத்துவிட்டு, சற்று நின்று, பதில் இல்லையென்றால்தான் அணைப்பாள்.

அவள் முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே வந்தாள்.

“நீங்க ரெண்டு பேரும் ஏன் இப்படிக் கேக்கறீங்க?”

“யாரு ரெண்டு பேரு?”

“நீயும் உங்க அண்ணனும். அவரும் இதேதான். ஃபேனை நிறுத்தறதுக்குக்கூட வாசல்லேருந்து ஒரு குரல். அணைக்கட்டுமா? அப்புறம் கொஞ்ச நேரம் நிப்பாரு.”

“எங்க வீட்ல எல்லாருமே அப்படித்தான் அண்ணி. அப்பா ரேடியோ, டி.வி. ரிப்பேர் பண்ணுவாருல்ல, வீடு பூரா எதையாவது திறந்து போட்டு கையை விட்டுக்கிட்டு இருப்பாரு. போடறதோ அணைக்கறதோ, கேக்காம சுவிட்சைத் தொட்டா முதுகுல ஒண்ணு விழும். உள்ள யார் கை இருக்கோன்னு பயம்.” நாத்தனார் துண்டை நீட்டினாள். “ஏன், என்ன இப்ப?”

“உங்க அண்ணன் அதை அப்படியே கம்ப்யூட்டருக்கும் சொல்லிக் குடுத்திருக்காரு. கரண்டைப் பிடுங்கறதுக்கு முன்னாடி அணைக்கட்டுமான்னு கேட்டுட்டு ரெண்டு விநாடி நிக்குது.”

நாத்தனார் கொஞ்சம் யோசித்தாள். “நல்ல பழக்கம்தானே?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தத் தடவை வயிறுவரை இறங்கிய சிரிப்பு. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கதவில் சாய்ந்து சிரித்தாள். நாத்தனாருக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் அவளும் சேர்ந்து சிரித்தாள். அண்ணி சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

இரண்டு என்பது எங்கிருந்து வந்தது என்று தெரிந்த பிறகு, அந்த மரியாதை எதை மறைத்துக்கொண்டிருந்தது என்று தேடுவது சுலபமாக இருந்தது. அவள் ஞாபகப் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாத்தனார் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தாள்.

“இது யாரு, தங்கச்சின்னு போட்டிருக்கு?”

“நீதான்.”

“நானா! நான் என்ன பண்றேன்?”

“நடக்கறதையெல்லாம் வாய் ஓயாம சொல்லிக்கிட்டு இருப்ப.”

“அண்ணன் இருந்தா இன்னிக்கு மொட்டை அடிச்சிருப்பேன்,” என்று சொல்லிவிட்டு நாத்தனார் பக்கத்திலேயே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

தவறு இரண்டே வரியில் இருந்தது. ஒவ்வொரு மாடிக்கும் அட்டையில் இரண்டு காரியம் நடக்க வேண்டும். மாடி எண்ணை எழுத வேண்டும். ‘கடைசியாக எழுதியது இதுதான்’ என்று அதற்கு ஒரு அடையாளம் வைக்க வேண்டும். கணவர் அடையாளத்தை முதலில் வைத்துவிட்டு, எண்ணை அப்புறம் எழுதியிருந்தார். இரண்டுக்கும் நடுவில் கரண்ட் போனால், அடையாளம் இருக்கும், அது காட்டும் இடத்தில் ஒன்றும் இருக்காது.

அவள் அந்த இரண்டு வரிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அச்சு அசல் அவர்தான். அவள் சம்மதம் சொல்வதற்கு முன்பே, ‘எங்களுக்குக் கல்யாணம்’ என்று அலுவலகம் முழுக்கச் சொல்லி மிட்டாய் கொடுத்த மனிதர். வீடு பார்க்கப் போகும் முன்பே நண்பர்களுக்குப் புது முகவரி அனுப்பியவர். எதையும் முதலில் அறிவித்துவிடுவார், பிறகு ஓடி ஓடி அதை உண்மையாக்குவார். ஒவ்வொரு தடவையும் எப்படியோ உண்மையாக்கியும் விடுவார், இடையில் யாரும் பிளக்கைப் பிடுங்காதவரை.

“ஏங்க,” என்று அவள் திரையைப் பார்த்துச் சொன்னாள், “இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் உங்ககிட்ட?”

நாத்தனார் அவளைப் பார்த்தாள். முக்காலியை இன்னும் கொஞ்சம் அருகே நகர்த்திக்கொண்டாள்.

எட்டு மாதமாக அவரிடம் கோபித்துக்கொள்ள ஒரு காரணமும் கிடைத்திருக்கவில்லை. இறந்தவர்களிடம் குறை காணக் கூடாது என்று வீட்டுக்கு வந்த எல்லோரும் அவரை நல்லவர், வல்லவர் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் யாரோ ஒரு அந்நிய மனிதரை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். இப்போது இந்த இரண்டு வரிகளில் அவள் சண்டை போட்ட மனிதர் பத்திரமாகத் திரும்பக் கிடைத்தார். அவள் அந்த இரண்டு வரிகளையும் இடம் மாற்றினாள். முதலில் எண்ணை எழுது, எழுதியாயிற்று என்று அட்டை சொல்லும்வரை நில், பிறகு அடையாளம் வை. பூஜ்யத்தில் ஓட்டினாள். பெரியப்பா ஆடி அசைந்து எழுந்து, மூன்று என்றார்.

மறுநாள் காலையில் அவள் கேப்டனின் அறைக்குள் உட்காராமல் நின்றாள்.

“ஞாபகப் பகுதியில தப்பு இருந்துச்சு கேப்டன். எப்பவுமே இருந்திருக்கு. டெஸ்ட் ரொம்ப மரியாதையா இருந்ததால தெரியல.”

வாசலில் மீசை தலையில் கைவைத்துக்கொண்டது அவளுக்குத் தெரிந்தது. கேப்டன் பேனாவைக் கீழே வைத்தார்.

“இதை நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்.”

“இருந்திருக்கலாம். நேத்து மத்தியானம் அந்த யோசனையும் வந்துச்சு.”

“அப்ப ரெடிமேட் வாங்கிடலாமா?”

“வாங்கறதுன்னா வாங்குங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவை நீங்களே கரண்டைப் பிடுங்கிப் பாருங்க. டெஸ்டுல வேணாம். நிஜப் பெட்டியில.”

அறையின் மூலையில் ஒரு மேசை மீது கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று திறந்த வயிற்றோடு கிடந்தது. மேலே மாடி எண் காட்டும் சின்ன விளக்கு. மீசை அவள் திருத்திய மென்பொருளை ஏற்றி, பொத்தானை அழுத்தினான். எண் ஒன்று, இரண்டு என்று ஏறியது. மூன்று வந்த அந்தக் கணத்தில் கேப்டன் சுவரிலிருந்த பிளக்கைச் சட்டென்று உருவினார். விளக்கு செத்தது. மறுபடி மாட்டினார். பெட்டி சற்று யோசித்தது. ‘3’ என்று எரிந்தது.

கேப்டன் அடுத்த மாடிக்குப் பொத்தானை அழுத்தச் சொல்லி மீசைக்குக் கைகாட்டினார். மறுபடி உருவினார். நான்கு. மறுபடி. எண் மாறிக்கொண்டிருக்கும்போதே உருவினார். பேசிக்கொண்டே, அந்தப் பக்கம் திரும்புவதுபோலப் பாவனை செய்துவிட்டுச் சடக்கென்று உருவினார். பெட்டி ஏமாறவில்லை. அவர் முகத்தில் ஒரு குழந்தைத்தனமான சந்தோஷம் வந்துவிட்டது. டீ வந்து ஆறிப்போனது. பிளக் சூடேறியதும்தான் நிறுத்தினார்.

“மீசை, போன வருஷம் ஒரு காவலாளி போன் பண்ணிக்கிட்டே இருந்தாரே, கரண்ட் போய் வந்தா லிஃப்ட் தானா மெதுவா கீழ எறங்குதுன்னு?”

“ஆமா கேப்டன். மாடி தெரியலேன்னா மெதுவா தரைக்கு எறங்கி மறுபடி எண்ணிக்கோன்னுதானே வெச்சிருக்கோம். நாம வயரிங் சரியில்லன்னு சொல்லி அனுப்பினோம்.”

“அவருக்குப் போன் போட்டு மன்னிப்பு கேளு. வெளியில ஓடற எல்லாப் பெட்டிக்கும் இதை அனுப்பணும், இன்னிக்கே ஆரம்பி.” பிறகு அவளைப் பார்த்தார். “ரெடிமேட் வேணாம். சரி, இப்ப இது அவர் எழுதினதா, நீ எழுதினதா?”

“அவர் எழுதினதுதான். நான் ரெண்டு வரியை இடம் மாத்தினேன், அவ்வளவுதான்.”

“கல்யாணம் ஆனதுலேருந்து அதைத்தானே பண்ணிக்கிட்டு இருந்திருப்ப,” என்றார் கேப்டன்.

அன்று பிற்பகல் ஐந்தாவதாக ஒரு வி.எம். சேர்த்தார்கள். நான்கு செயலி, புதுப் பெட்டியின் அளவு, கரண்ட் பிடுங்குமுன் யாரையும் கேட்பதில்லை. பெயர் என்ன வைப்பது என்று மீசை கேட்டான்.

அவள் யோசிக்கவே இல்லை. “வீட்டுக்காரி.”

மீசை தட்டிவிட்டு, “செய்தி யார் பேர்ல போகணும்?” என்றான், திரையைப் பார்த்தபடியே, ரொம்பச் சாதாரணமாகக் கேட்பதுபோல.

“ஆபீஸ் பேர்ல போட்டுடு.”

“சரிக்கா. அப்புறம் அந்த வரி? ‘எல்லாரும் எழுந்துட்டாங்க’ன்னு ஸ்கிரிப்டுக்குள்ளயே இருக்கு. அதையும் செட்டிங்ஸுக்குக் கொண்டுவந்துடவா? அவங்க அவங்களுக்குப் பிடிச்ச மாதிரி மாத்திக்கலாம்.”

“வேணாம். அது இருக்கற இடத்துலயே இருக்கட்டும்.”

“எல்லாத்தையும் மாத்திக்கலாம்னு சொன்னீங்களே?”

“இது ஒண்ணைத் தவிர.”

வெள்ளிக்கிழமை காலையில் பால் பொங்கும் நேரத்துக்குக் கைபேசி இரண்டு தடவை உறுமியது. முதலாவது கணவரின் பெயரில், நான்கு பேருக்காக. இரண்டாவது அலுவலகத்தின் பெயரில், ஐந்து பேருக்காக. இரண்டிலும் ஒரே வரி. அவள் இரண்டையும் படித்துவிட்டுப் பாலை இறக்கினாள். இனி ஒரே செய்தி இரண்டு இடத்திலிருந்து வந்தால் எல்லோரும் குழம்புவார்கள். மதியம் வரப்போகிறவர்கள் தங்கள் கணினியிலேயே ஓட்டிக்கொள்வார்கள். பின்னறைக் கணினிக்கு இனி வேலை இல்லை, பாவம், அதற்கும் வயதாகிவிட்டது.

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். அது வழக்கம்போல முனகிக்கொண்டிருந்தது. மேலே படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். குனிந்து, சுவரோரம் இருந்த சுவிட்சில் விரலை வைத்தாள். அழுத்தப் போனவள், என்ன தோன்றியதோ, நிமிர்ந்து கூடத்துப் பக்கம் குரல் கொடுத்தாள்.

“அணைக்கட்டுமா?”

“இரு இரு அண்ணி!” என்று கத்திக்கொண்டே நாத்தனார் பாதி வாரிய தலையோடு ஓடி வந்தாள். “அதுலதான் என் போன் சார்ஜ் ஆகுது. கையை எடு, கையை எடு.”

அவள் கையை எடுத்துக்கொண்டாள். நாத்தனார் மண்டியிட்டு, மேசைக்கு அடியில் தலையை நுழைத்து, கம்பிக் குவியலுக்குள் தன் வயரைத் தேடினாள். அவசரப்படுத்த யாருமில்லை. ஜன்னல் வழியே வெயில் வந்து கணினியின் முதுகில் விழுந்திருந்தது.

“ம், எடுத்துட்டேன்,” என்றாள் நாத்தனார், கீழே இருந்தே. “இப்ப அணை.”